முடிச்சை இறுக்காதீர்கள்

வேப்பம்பட்டிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் தினமும் ரயிலேறி லேப் வேலைக்குப் போகிற தம்பி, தங்கைகளுக்கு,

போன வாரம் ஒருநாள் காலை சென்ட்ரல் போகிற ரயிலில் உங்களில் இரண்டு பேர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் டிபன் பை, கழுத்தில் ஐ.டி. கார்டு. நெமிலிச்சேரி தாண்டும்போது ஒரு பெண் சொன்னாள்: "நேத்து பையைச் சரியா கட்டலன்னு சீனியர் திட்டிட்டாரு. ரூம் முழுக்க நாத்தம். இன்னிக்கு ரெண்டு முடிச்சு போட்டு இறுக்கிடப் போறேன்." பக்கத்தில் இருந்தவள், "டேப் கறுத்துச்சு இல்ல? அப்புறம் என்னவாம்?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஆவடி வந்துவிட்டது, கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டீர்கள். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்கள் எல்லாருக்குமாக இந்தக் கடிதம்.

முப்பத்தொரு வருடம் மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதி நாள் ஆட்டோகிளேவ் அறையின் வெக்கையில் கழிந்தது. அந்த அனுபவத்திலிருந்து உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஆட்டோகிளேவ் கிருமியைக் கொல்வதில்லை, நீராவிதான் கொல்கிறது. அந்த நீராவியைக் கிருமி இருக்கும் இடத்துக்குப் போக விடுவதா, வாசலிலேயே நிறுத்துவதா என்பதை உங்கள் கைகள்தான் முடிவு செய்கின்றன, மெஷினின் மூடியை மூடுவதற்கு முன்பே.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். அன்றைக்குக் கல்ச்சர் பிளேட்டுகள் நிறைய. அறுபதுக்குக் குறையாது. எல்லாவற்றையும் ஒரே பையில் அடுக்கி, கழுத்து வரைக்கும் நிரப்பி, வாயை முறுக்கி, நானே இரட்டை முடிச்சுப் போட்டேன். வெளியே, சூடு பட்டால் கறுக்கும் டேப்பை ஒட்டினேன். வெர்டிகல் ஆட்டோகிளேவில் வைத்தேன். பிரஷர் ஏறியது, நேரம் முடிந்தது, டேப்பில் கறுப்புக் கோடு அழகாக விழுந்திருந்தது. எங்கள் லேபில் துப்புரவு வேலை பார்த்த அக்கா தினமும் கேட்பார், "பை வெந்துச்சா மா?" என்று. சோறு வெந்ததா என்று கேட்கிற அதே குரலில். "வெந்துச்சுக்கா" என்றேன்.

அக்கா பக்கெட்டிலிருந்து பையைத் தூக்கும்போது அடித் தையல் பிரிந்தது. பிளேட்டுகள் தரையில் கொட்டின. ஓரத்தில் இருந்தவை பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டு வளைந்திருந்தன. அவற்றின் ஆகார் உருகி ஓடி, பையின் அடியில் பழுப்பு நிற ஜெல்லியாக உறைந்திருந்தது. ஆனால் நடுவில் இருந்த ஒரு அடுக்கு, பத்துப் பன்னிரண்டு பிளேட்டுகள், கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே வட்டம் கலையாமல் இருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மெக்காங்கி ஆகாரில் இளஞ்சிவப்புக் காலனிகள், முந்தின நாள் நான் எண்ணிப் பார்த்த அதே இடத்தில், அதே வரிசையில். ஆகார் உருகுவதற்குச் சுமார் 85 டிகிரி போதும். அது உருகவே இல்லை. அப்படியென்றால், வெளியே 121 டிகிரியைக் காட்டிய மெஷினுக்குள், அந்தப் பையின் நடுப்பகுதி டீ கொதிக்கிற சூட்டைக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் மேடம் ஒன்றும் பேசவில்லை. அந்தக் காலனியை லூப்பால் தொட்டுப் புது பிளேட்டில் கோடு இழுத்து இன்குபேட்டரில் வைத்தார். மறுநாள் காலை பிளேட் முழுக்க வளர்ந்திருந்தது. அக்காவின் வலது கை கிளவுஸ் கட்டைவிரல் பக்கம் கிழிந்திருந்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

ஏன் அப்படி ஆனது? வீட்டுச் சமையலறையிலேயே விடை இருக்கிறது. புட்டுக் குழலில் மாவை அமுக்கி அடைத்தால் என்ன ஆகும்? ஆவி மேலே வராது, நடுவில் மாவு மாவாகவே நிற்கும். உதிரியாகப் போட்டால்தான் வேகும். குக்கரில் அம்மா உடனே வெயிட் போடுகிறார்களா? மூக்கிலிருந்து ஆவி சீராக வந்த பிறகுதானே போடுகிறார்கள்? உள்ளே இருக்கும் காற்று வெளியேறட்டும் என்றுதான். ஆட்டோகிளேவிலும் அதேதான். வால்வைத் திறந்து வைத்து, ஆவி விட்டுவிட்டு வராமல் ஒரே சீராகப் பாயத் தொடங்கிய பிறகுதான் மூட வேண்டும். காற்று முழுக்கப் போயிருந்தால் 15 பவுண்டு அழுத்தத்தில் உள்ளே 121 டிகிரி. பாதிக் காற்று உள்ளேயே தங்கிவிட்டால் அதே 15 பவுண்டில் 112 டிகிரிதான். காற்றை வெளியேற்றவே இல்லை என்றால் 100-ஐத் தாண்டாது. பிரஷர் கேஜின் முள் மூன்று முறையும் ஒரே இடத்தைத்தான் காட்டும்.

அறைக்குள் நிற்கிற காற்றின் கதை இது. நீங்கள் முடிச்சுப் போட்டு அடைத்த பைக்குள் இருக்கும் காற்றின் கதையும் இதுவேதான். மெஷின் தன் வயிற்றில் உள்ள காற்றைத் தள்ளிவிடும், பையின் வயிற்றில் உள்ளதைத் தள்ள அதற்கு வழியில்லை. ஆவி ஒரு பொருளைத் தொட்டு நீராகும்போதுதான் தன்னிடம் இருக்கும் பெருஞ்சூட்டை, கிராமுக்கு 540 கலோரி அளவுக்கு, அதன் மேல் இறக்குகிறது. கொதிக்கிற தண்ணீர் பட்டதைவிட ஆவி பட்ட புண் ஆழமாக இருப்பது இதனால்தான். பைக்குள் ஆவி போகாவிட்டால் அங்கே நடப்பது வெறும் உலர்சூடு. உலர்சூட்டில் கொல்ல 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் வேண்டும். நம் மெஷினால் அது முடியாது.

இது நம் லேபில் மட்டும் நடக்கிற தவறு இல்லை. இங்கிலாந்தில் பிளிமத் நகரின் டெவன்போர்ட் மருத்துவமனையில் 1972-ல், அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு ஏற்றிய டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில்களில் கிருமி இருந்தது தெரியவந்தது. ஐந்து பேரின் சாவோடு அது சம்பந்தப்பட்டிருந்தது. அந்தப் பாட்டில்கள் முந்தின வருடம் ஒரு தொழிற்சாலை ஆட்டோகிளேவில் வெந்தவை, அல்லது வெந்ததாக எல்லாரும் நம்பியவை. காற்று சரியாக வெளியேறாமல் அடித்தட்டில் தேங்கி நின்றுவிட்டது. மேல்தட்டுப் பாட்டில்கள் சுத்தம், கீழ்த்தட்டுப் பாட்டில்கள் இல்லை. வெப்பத்தைப் பதிவு செய்யும் கருவி அன்றைக்குச் சூடு ஏறவில்லை என்று காட்டத்தான் செய்தது. அந்தக் கருவி அடிக்கடி பழுதாகும், அதனால் இப்போதும் பழுதுதான் என்று நினைத்து இன்னொரு கேஜை நம்பிவிட்டார்கள். கிளாதியர் குழுவின் விசாரணை அறிக்கை அதே 1972-ல் வந்தது. அந்தச் சம்பவத்தில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. வசதியாக இருந்த முள்ளை நம்பினார்கள், அவ்வளவுதான். ரயிலில் அந்தப் பெண் சொன்ன "டேப் கறுத்துச்சு இல்ல" எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்தியது.

டேப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளியே ஒட்டிய டேப் கறுத்தால், "பையின் மேல் தோல் சூட்டைப் பார்த்தது" என்று அர்த்தம். அதற்கு மேல் எதுவும் அதற்குத் தெரியாது. கெமிக்கல் இண்டிகேட்டர் ஸ்ட்ரிப்பை நூலில் கட்டிப் பையின் நடுவில் இறக்குங்கள், நூல் நுனி வெளியே இருக்கட்டும். வெந்த பிறகு பையைக் குடையாமல் இழுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை ஸ்போர் டெஸ்ட். ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபைலஸ் என்கிற, சூட்டுக்கு அசராத பாக்டீரியாவின் ஸ்போர் பத்து லட்சத்துக்குக் குறையாமல் இருக்கும் ஆம்ப்யூலைப் பையின் மையத்தில் வைத்து வேகவிட்டு, பிறகு 55 முதல் 60 டிகிரியில் இன்குபேட் செய்யுங்கள். ஆம்ப்யூலின் ஊதா நிறம் ஊதாவாகவே இருந்தால் எல்லாம் செத்தது. மஞ்சளாக மாறினால் உயிர் பிழைத்திருக்கிறது. அந்த வார வேஸ்ட்டைப் பற்றி உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள், திட்டு விழுந்தாலும் பரவாயில்லை. இந்த வாராந்தரச் சோதனையை 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளே கேட்கின்றன. பதிவேட்டில் எழுதி வைக்கவும் சொல்கின்றன.

அதே விதிகள் நேரத்தையும் சொல்லியிருக்கின்றன. இதில்தான் படித்த பிள்ளைகளே நிறையத் தவறு செய்கிறீர்கள். காலேஜில் மீடியா தயாரிக்கும்போது 121 டிகிரி, 15 பவுண்டு, 15 நிமிடம் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அது சுத்தமான திரவத்துக்கு. கழிவுக்கு, நம்மிடம் இருக்கும் சாதாரண ஆட்டோகிளேவில், அதே 121 டிகிரியில் 60 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. வேக்குவம் பம்ப் உள்ள மெஷின் என்றால் 45. அந்த நேரமும் சுவிட்சைப் போட்டதிலிருந்து இல்லை, சூடு ஏறி நின்றதிலிருந்து கணக்கு. மாலை ரயிலைப் பிடிக்கிற அவசரம் எனக்கும் தெரியும். கடைசி லோடை வைத்து முப்பது நிமிடத்தில் நிறுத்துவதைவிட, அதை லேபிள் ஒட்டி மூடிய பக்கெட்டில் வைத்துவிட்டு மறுநாள் காலை முதல் லோடாக வையுங்கள். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் விதி, ஒரு ராத்திரி அதற்குள் அடங்கும்.

இனி பைக்கு வருகிறேன். முதலில், பை எது என்று பாருங்கள். ஆட்டோகிளேவுக்கு என்றே விற்கும் பாலிபுரொப்பிலீன் பை வேண்டும். சாதாரண பாலித்தீன் பை அந்தச் சூட்டில் உருகி வேஸ்ட்டோடு ஒட்டி, உள்ளே இருப்பதை ஒரு மேலுறை போட்டு மூடிவிடும். குளோரின் கலந்த பிளாஸ்டிக்கும் கூடாது. மூன்று கொம்பு மாதிரி இருக்கும் பயோஹசார்டு குறியும், தேதியும், உள்ளே என்ன என்பதும் வெளியே தெரிய வேண்டும். அந்தக் குறி 1966-ல் அமெரிக்காவில் உருவானது. யாருக்கும் வேறு எதையும் ஞாபகப்படுத்தாத, ஒரு முறை பார்த்தால் மறக்காத வடிவமாக இருக்க வேண்டும் என்று தேடித் தேர்ந்தெடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்காவும் அதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான்.

பையில் ஊசி போகவே கூடாது. "ஒண்ணே ஒண்ணுதான்" என்று கூடப் போகக் கூடாது. ஊசியும் பிளேடும் குத்திக் கிழிக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு. உடைந்த கண்ணாடியும் ஸ்லைடும் நீலப் பெட்டிக்கு. ஆகார் பிளேட், ஸ்வாப், கல்ச்சர் மட்டும் நம் பைக்கு. பிப்பெட் டிப்பைப் பையில் அள்ளிக் கொட்டாதீர்கள், அதன் கூர்முனை பையைக் குத்தும். அகலமான டப்பாவில் சேர்த்து, டப்பாவோடு வையுங்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் கெடுவது கிருமியால் இல்லை. ஹைப்போகுளோரைட் கரைசலில், அதாவது ஹைப்போவில், ஊற வைத்ததைத் தூக்கி ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள். "ரெண்டும் செஞ்சா டபுள் சேஃப்டி" என்று நினைத்துச் செய்வார்கள். சூட்டில் ஹைப்போவிலிருந்து குளோரின் வாயு வரும். மூடியைத் திறக்கிறவரின் முகத்தில்தான் அது முதலில் அடிக்கும். மெஷினின் உட்புறமும் அரித்துப் போகும். ஒன்று ஹைப்போ, இல்லாவிட்டால் ஆட்டோகிளேவ். பயாப்சி வந்த ஃபார்மலின், ஃபீனால், குளோரோஃபார்ம் எதுவும் உள்ளே போகக் கூடாது. கொரோனா காலத்தில் ஆர்.டி.பி.சி.ஆர். லேபுகளுக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும்: ஆர்.என்.ஏ. பிரிக்கும் கிட்டின் லைசிஸ் பஃபரில் குவானிடின் தயோசயனேட் இருக்கிறது. அதோடு ஹைப்போ சேர்ந்தால் விஷ வாயு. அதை ஆட்டோகிளேவிலும் வைக்கக் கூடாது. கிட்டோடு வருகிற தாளில் சொன்னபடி தனியாகத்தான் அனுப்ப வேண்டும். அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை. படியுங்கள்.

நிரப்பும்போது மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதே என்று கையால் அமுக்காதீர்கள். அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று கிருமியோடு உங்கள் முகத்துக்கு வரும், வேகுவதற்கு ஆவி போகும் வழியும் அடைபடும். பிளேட்டுகளை வாங்கி வந்த உறையில் இருப்பது மாதிரி நெருக்கமாக அடுக்காமல், சாய்த்தும் குறுக்காகவும் போடுங்கள். உள்ளே இருப்பது உலர்ந்த சாமான், வெறும் ஸ்வாப் என்றால், ஒரு டம்ளர் தண்ணீரை, இருநூறு மில்லி போல, மெதுவாகச் சுவரோரமாக ஊற்றுங்கள். அது பைக்குள்ளேயே ஆவியாகிக் காற்றைத் தள்ளும். இந்த ஒரு டம்ளரை மறந்துவிட்டு நேரத்தை மட்டும் கூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பலன் கிடைப்பதில்லை.

திருகு மூடி உள்ள பிராத் பாட்டில்களை அரைத் திருகு தளர்த்திவிடுங்கள், திரவம் பாதிக்கு மேல் இருக்க வேண்டாம். சளி டப்பாவை மட்டும் மேசையில் வைத்துத் தளர்த்தாதீர்கள். காசநோய்க் கிருமி காற்றில் மிதக்கும், பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும். ரத்தக் குழாயின் ரப்பர் மூடியைப் பிடுங்க வேண்டாம், தெறிக்கும். ரத்தத்தில் இருக்கும் ஈரமே உள்ளே வேலை செய்யும், கொஞ்சம் நிதானமாகச் சூடேறும் என்பது மட்டும்தான்.

பிறகு வாய். பையின் வாயைக் கூட்டிப் பிடித்து ரப்பர் பேண்டை ஒரே ஒரு சுற்று விடுங்கள். சுற்றிய பிறகு உங்கள் இரண்டு விரல் தாராளமாக உள்ளே போய் வர வேண்டும். போகவில்லை என்றால் ஆவியும் போகாது. அந்தப் பையை நிமிர்த்தி, ஓரம் உயர்ந்த ஸ்டீல் டிரேயில் வையுங்கள். கசிந்தால் டிரேயில் நிற்கும், மெஷினின் அடியில் இறங்கி வடிகாலை அடைக்காது. மேசையிலிருந்து அறைக்குக் கொண்டுபோகும்போது சிந்துமே என்று கேட்பீர்கள். மூடி உள்ள பக்கெட்டில் வைத்துக் கொண்டுபோங்கள், மூடியை மெஷின் பக்கத்தில் போய் எடுங்கள். இறுக்கிக் கட்டுவதற்கு ஒரு நேரம் உண்டு, அது எல்லாம் வெந்து ஆறிய பிறகு, மஞ்சள் பைக்குள் போடுகிறபோது.

நாற்றத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் சொன்னது நியாயம்தான். வேகிற கல்ச்சரின் வாடை தலையைச் சுற்ற வைக்கும், மதியம் சாப்பிடவே முடியாது. முடிச்சால் அதை அடைக்கப் பார்க்காதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் கேளுங்கள். ஆவி வெளியேறும் குழாயை வெளியே கொண்டுபோகச் சொல்லுங்கள். கூட்டம் குறைந்த நேரத்துக்கு லோடை மாற்றுங்கள். இதைக் கேட்பது உங்கள் உரிமை. சீனியர் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

முடிந்ததும் பிரஷர் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் அவசரப்படாதீர்கள். மூடியைக் கொஞ்சமாகத் தளர்த்தி, முகத்தை விலக்கி, தடித்த கையுறையோடு சற்று நேரம் நில்லுங்கள். பாட்டிலில் இருக்கும் திரவம் அசையாமல் இருக்கிற மாதிரி தெரியும், தொட்டதும் பொங்கிச் சீறும்.

நம் வாசலோடு முடிகிற விஷயமாகவும் இதை நினைக்காதீர்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளத்திலிருந்து கொண்டுவந்து கொட்டப்பட்ட மருத்துவக் கழிவைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். சிரிஞ்சுகளுக்கு நடுவே ஆஸ்பத்திரித் தாள்களும் கிடந்தன. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு அதே மாதம் லாரிகளில் திரும்ப ஏற்றிப் போனார்கள். அந்தக் குப்பையை முதலில் பார்த்தவர்கள் யார்? ஆடு மேய்க்கிறவர்கள், வயலுக்குப் போகிறவர்கள். லாரி எங்கே போகிறது என்பது உங்கள் கையில் இல்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவை எடுத்துப் போகிற வண்டிக்காரர் நேர்மையானவராகவே இருக்கலாம், வழியில் ஒரு பை கிழியவும் கிழியலாம். லேப் கழிவை அந்த இடத்திலேயே முதலில் சுத்திகரித்துவிட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும் என்று விதி சொல்வது இதனால்தான். உங்கள் பையில் இருக்கிற கிருமிகள் சாதாரணக் குப்பையில் இருப்பவை மாதிரி இல்லை. ஒரு துளியில் இருந்ததை நாமே தீனி போட்டு, சூடு கொடுத்து, கோடிக்கணக்கில் வளர்த்தவை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் பையில் கை வைக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் லேபில் அந்தப் பையைத் தூக்குகிற அக்காவோ அண்ணனோ யாராவது இருப்பார்கள். அவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். கழிவைக் கையாளும் எல்லாருக்கும் அதுவும் டெட்டனஸ் ஊசியும் போட வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று அதே விதிகளில் இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. பெரும்பாலும் மூன்றாவது விட்டுப்போயிருக்கும், கான்ட்ராக்ட் மாறியிருக்கும், அட்டை தொலைந்திருக்கும். தேதியை விசாரித்து உங்கள் ஆட்டோகிளேவ் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். நாள் நெருங்கும்போது நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
வேப்பம்பட்டிலிருந்து உங்கள் பழைய சீனியர் ஒருத்தி